ஈயத்துள் மறைந்த வெண்பொன்: வெள்ளியின் பண்புகளும் பிரித்தெடுப்பு வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

வெள்ளியைத் தங்கத்தோடு இணைத்து, மண்ணில் கண்டெடுக்கப்படும் விலையுயர்ந்த உலோகமாகக் கருதுவது பொதுவழக்கு. உண்மையில் உலகில் புழங்கிய வெள்ளியின் பெரும்பகுதி ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாகும். எனவே வெள்ளியின் வரலாறு கண்டுபிடிப்பின் வரலாறாக மட்டும் அமையாமல், பிரித்தெடுப்பின் வரலாறாகவும் அமைகிறது. அவ்வுலோகத்தின் வேதிப்பண்புகள் பிரித்தெடுக்கும் முறைகளை எவ்வாறு தீர்மானித்தன என்பதையும், அம்முறைகள் மாறிய காலங்களில் நாணயம், வணிகம், உழைப்பு ஆகியவை எவ்வாறு மாறின என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. வெள்ளிச் சுரங்கம் இல்லாத தமிழகத்திற்கு அவ்வுலோகம் வந்துசேர்ந்த வழிகளும் உரிய இடங்களில் சுட்டப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: வெள்ளி, வெண்பொன், காரீயம், புடம், பாதரசம், தினாரியஸ், ரூபாய், துணைவிளைபொருள்.

முன்னுரை

தமிழில் 'பொன்' என்னும் சொல் தங்கத்தைக் குறிப்பதோடு உலோகம் என்னும் பொதுப்பொருளிலும் வழங்கியது. செம்பொன், கரும்பொன், ஐம்பொன் என்னும் தொடர்கள் இதற்குச் சான்று. அவ்வரிசையில் வெள்ளிக்கு அமைந்த பெயர் வெண்பொன். 'வெள்ளி' என்னும் பெயரும் வெள்ளை, வெண்மை, வெளுப்பு ஆகியவற்றோடு ஒரே வேரிலிருந்து கிளைத்ததே. வானில் ஒளிமிக்க கோளுக்கும், அக்கோளுக்குரிய கிழமைக்கும் அதுவே பெயராயிற்று. கிரேக்கர் வழங்கிய 'ஆர்கிரோஸ்', உரோமானியர் வழங்கிய 'அர்ஜென்டம்' ஆகியவையும் ஒளிர்வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்தே பிறந்தவை. தொடர்பற்ற மொழிக்குடும்பங்கள் இவ்வுலோகத்திற்கு நிறத்தாலேயே பெயரிட்டுள்ளன.

ஆனால் வெண்மையைப் பெயராகக் கொண்ட இவ்வுலோகம் மண்ணில் வெண்மையாகக் கிடைப்பது அரிது. ஆற்றுமணலை அரித்தால் தங்கத்துகள் தங்கமாகவே கண்ணில் படும். வெள்ளி அவ்வாறு அகப்படுவதில்லை. கந்தகத்தோடு சேர்ந்து கரிய கனிமமாகவோ, ஈயத்தாதுவின் சாம்பல் நிறத்துள் கண்ணுக்குப் புலப்படாத சிறு அளவிலோ அது மறைந்திருக்கும். இயல்பான உலோக வடிவில் கம்பிபோல் சுருண்ட வெள்ளி சில சுரங்கங்களில் கிடைத்ததுண்டு. நார்வேயின் காங்ஸ்பெர்க் அதற்குப் பெயர்பெற்ற இடம். எனினும் அது விதிவிலக்கே. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது இருக்கிறது என்று அறிந்து வெளிக்கொணர்ந்த திறமே வெள்ளி வரலாற்றின் தொடக்கம்.

பண்புகள்

வெள்ளியின் அணு எண் 47. அணு நிறை ஏறத்தாழ 107.87. ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளியின் எடை 10.49 கிராம். 961.8 பாகை செல்சியசில் அது உருகும். மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துவதில் எல்லா உலோகங்களிலும் அதுவே முதன்மையானது. செம்பு அதற்கு அடுத்த நிலையிலேயே நிற்கிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் உலோகமும் அதுவே. கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளிப்பூச்சு இடம்பெற்றது இதனால்தான். தங்கத்திற்கு அடுத்தபடியாகத் தகடாகவும் கம்பியாகவும் நீளக்கூடியது ஆகையால் இனிப்புகளின்மீது ஒட்டும் மெல்லிய இழையாகவும், காஞ்சிபுரப் பட்டில் ஓடும் சரிகையாகவும் அது மாறுகிறது. தங்கச் சரிகை என்று நாம் சொல்வதன் உடல் வெள்ளியே. தங்கம் அதன்மேல் ஏறிய முலாம் மட்டுமே. தூய வெள்ளி மென்மையானது. ஆதலால் பாத்திரத்திற்கும் நகைக்கும் சிறிது செம்பு கலப்பர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்னும் அளவு இங்கிலாந்தில் நிலைபெற்று இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இப்பண்புகளுள் இரண்டு இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று, வெள்ளி உயிர்வளியோடு எளிதில் சேர்வதில்லை. சூடாக்கினாலும் காற்றில் எரிந்து ஆக்சைடாக மாறி நிற்பதில்லை. மற்றொன்று, கந்தகத்தின்மீது அதற்குள்ள நாட்டம். காற்றில் மிகச்சிறிதளவே கலந்துள்ள கந்தக வாயு பட்டாலும் அதன் மேற்பரப்பில் கரிய வெள்ளி சல்பைடு படியும். கொலுசும் குத்துவிளக்கும் கறுப்பது துருப்பிடித்தலால் அன்று, கந்தகம் சேர்வதாலேயாகும். வீடுகளில் கறுத்த கொலுசைத் திருநீற்றால் துலக்கும்போது நீக்கப்படுவது இந்த மெல்லிய சல்பைடுப் படலமே. கந்தகத்தின்மீதுள்ள நாட்டமே வெள்ளியை மண்ணுக்குள் ஈயக் கந்தகத்தாதுவோடு பிணைத்து வைத்தது. உயிர்வளியை ஏற்காத இயல்பே அதை அந்த ஈயத்திலிருந்து மீட்க வழிவகுத்தது.

ஈயத்தை எரித்து வெள்ளியைக் காணல்

கலீனா என்னும் ஈய சல்பைடே பண்டை உலகின் முதன்மையான வெள்ளித்தாது. அதை முதலில் வறுத்துக் கந்தகத்தைப் போக்கி, பிறகு கரியோடு உருக்கினால் காரீயம் கிடைக்கும். தாதுவிலிருந்த வெள்ளி முழுவதும் அந்த ஈயத்தில் கரைந்திருக்கும். ஒரு டன் ஈயத்தில் ஒரு கிலோ வெள்ளி இருப்பின் அது வளமான தாது. அந்த ஒரு கிலோவை அடைய எஞ்சிய 999 கிலோ ஈயத்தையும் நீக்கவேண்டும்.

எலும்புச் சாம்பலோ அதுபோன்ற நுண்துளைப் பொருளோ கொண்டு அமைத்த ஆழமற்ற கிண்ணத்தில் அந்த ஈயத்தை இட்டு, ஏறத்தாழ 900 முதல் 1000 பாகை வெப்பத்தில் உருக்கி, துருத்தியால் காற்றை அதன்மீது ஊதுவர். ஈயம் உயிர்வளியோடு சேர்ந்து ஈய ஆக்சைடாகி உருகும். ஒரு பகுதி கிண்ணத்துள் உறிஞ்சப்படும்; மற்றொரு பகுதி வழித்தெடுக்கப்படும். உடன் இருந்த செம்பு முதலிய மாசுகளும் ஆக்சைடாகி அதனோடு நீங்கும். வெள்ளி மட்டும் எரியாமல் எஞ்சும். இறுதிப் படலம் விலகும் கணத்தில் உருகிய வெள்ளி திடீரென்று பளிச்சிடும். புடம் முடிந்ததற்கு அதுவே அடையாளம். இம்முறையை இக்கட்டுரை 'சாம்பற்கிண்ணப் புடம்' என்று குறிக்கிறது. இதில் கழிவாக வெளிப்படும் மஞ்சள் நிற ஈய ஆக்சைடு தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று. மிருதாரசிங்கி என்னும் பெயரில் நாட்டுமருந்துச் சரக்குகளுள் ஒன்றாக வழங்குவது அதுவே.

இப்புடம் மிகப் பழமையானது. சிரியாவின் ஹபூபா கபீராவில் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த ஈய ஆக்சைடுக் கட்டிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. எழுத்து தோன்றிய காலத்திலேயே மனிதர் ஈயத்தை எரித்து வெள்ளி எடுத்துள்ளனர். இந்தியாவில் இராசத்தானின் அகுச்சா, தரீபா, ஜாவர் ஆகிய இடங்களில் கி.மு. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்த ஆழ்சுரங்கங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மாசுள்ள வெள்ளியை அதன் எடையில் கால்பங்கு ஈயம் சேர்த்துத் தூய்மை செய்யவேண்டும் என்று அர்த்தசாத்திரம் கூறுவதும் இம்முறையையே சுட்டுகிறது. வட இந்தியாவில் தோன்றித் தென்கோடிவரை பரவிய முத்திரைக் காசுகளுக்குரிய வெள்ளியின் பின்னணி இதுவே.

புடமிட்ட வெள்ளியில் ஈயம் முற்றிலும் நீங்குவதில்லை. பெரும்பாலும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான ஈயம் அதனுள் தங்கிவிடும். தாது எந்நிலத்தைச் சேர்ந்தது என்பதற்கேற்ப அவ்வீயத்தின் ஓரிடத்தான்களின் விகிதம் மாறுபடும். எனவே ஒரு காசில் எஞ்சிய ஈயத்தை அளந்து, அக்காசின் வெள்ளி பிறந்த சுரங்கப் பகுதியை ஆய்வாளர் ஊகிக்கின்றனர். பழங்கொல்லர் நீக்க முயன்று நீக்கமுடியாமல் விட்ட மாசே இன்று வரலாற்றுச் சான்றாகிறது. காசை உருக்கி வேறொரு வெள்ளியோடு கலந்திருப்பின் இச்சான்று குழம்பிவிடும் என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஏதென்சின் சுரங்கமும் அடிமைகளும்

ஏதென்சுக்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோன் மலைப்பகுதி வெள்ளியால் ஒரு நகர அரசு எழுந்ததற்குச் சிறந்த சான்று. கி.மு. 483 அளவில் அங்குப் புதிய வளமான தாதுப்படுகை வெளிப்பட்டது. கிடைத்த வருவாயைக் குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்துத் திராக்மா வீதம் பகிர்ந்துகொள்ளும் யோசனை எழுந்தது. தெமிஸ்டோக்ளிஸ் அதை மறுத்துப் போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். ஹெரோடோட்டஸ் அக்கப்பல்களின் எண்ணிக்கையை 200 என்கிறார். மூன்றாண்டுகளுக்குப்பின் சலமீசுப் போரில் பாரசீகக் கடற்படை தோற்றது. ஆந்தை பொறித்த ஏதென்சின் வெள்ளிக்காசு நடுநிலக்கடல் முழுவதும் நம்பிக்கைக்குரிய பணமாயிற்று.

இப்பெருமைக்கு அடியில் நிகழ்ந்த உழைப்பைப் பற்றிப் பழைய நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. குறுகிய சுரங்கவழிகளில் தாதுவை வெட்டியவரும், மேலே கொணர்ந்த தாதுவை இடித்தும் அரைத்தும் கழுவியவரும் பெரும்பாலும் அடிமைகள். நீர்வளம் குன்றிய அப்பகுதியில் மழைநீரைத் தொட்டிகளில் தேக்கி, கழுவிய நீரையே மீண்டும் சுழலவிடும் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் எச்சங்கள் இன்றும் அங்கே காணப்படுகின்றன. நிகியாஸ் என்னும் தளபதி 1,000 அடிமைகளைச் சுரங்கக் குத்தகையாளருக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபல் வாடகையில் விட்டிருந்தார் என்று செனபோன் குறிக்கிறார். கி.மு. 413க்குப்பின் ஸ்பார்ட்டாவினர் அருகில் முகாமிட்டபோது 20,000க்கு மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினர் என்பது துசிடிடீஸ் தரும் செய்தி. ஈயப்புகை சூழ்ந்த உலைகளும் இருண்ட சுரங்கங்களும் அவர்களுக்கு எவ்வாறிருந்தன என்பதற்கு அவ்வோட்டமே விடை என்று கொள்ளலாம்.

உரோமானியர் ஸ்பெயினின் சுரங்கங்களைக் கைப்பற்றி இத்தொழிலைப் பன்மடங்கு பெருக்கினர். அவர்கள் எரித்த ஈயத்தின் நுண்துகள்கள் காற்றில் கலந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, கிரீன்லாந்தின் பனியில் படிந்தன. பனியைத் துளையிட்டு எடுத்த உருளைகளில் அக்காலத்து ஈயத்தின் அளவு உயர்ந்திருப்பதை 1990களில் ஆய்வாளர் வெளியிட்டனர். தொழிற்புரட்சிக்கு முந்தைய உலகளாவிய மாசுக்கு இது முதன்மையான சான்று.

உரோம வெள்ளி கொங்குநாட்டில்

அந்த வெள்ளியின் ஒரு பகுதி தினாரியஸ் என்னும் காசாகத் தமிழகம் வந்தது. கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் கிடைத்த புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் காசுகளே மிகுந்து காணப்படுகின்றன. அவற்றுள்ளும் குறிப்பிட்ட சில வகைகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. முசிறி, மேலைக்கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய், நொய்யல் கரை, கரூர் என்று செல்லும் வணிகவழியோடு இப்புதையல்கள் பொருந்துவது அறிஞர் பலராலும் சுட்டப்பட்டது.

கி.பி. 64இல் நீரோ மன்னன் தினாரியசின் எடையைக் குறைத்தான். முன்னர் ஓர் உரோமப் பவுண்டுக்கு 84 காசு என்று இருந்தது 96 காசு என்றாயிற்று. தூய்மையும் குறைக்கப்பட்டது. தென்னிந்தியப் புதையல்களில் அச்சீர்திருத்தத்திற்கு முற்பட்ட காசுகளே மேலோங்கி நிற்கின்றன. காசின்மேலிருந்த முகமும் எழுத்தும் இங்குள்ள வணிகர்க்குப் பொருட்டல்ல. அதனுள்ளிருந்த வெள்ளியே பொருட்டு என்று இதிலிருந்து கருதலாம். உரோமப் பேரரசனின் ஆணை தன் எல்லைக்குள் குறைந்த வெள்ளியை நிறைந்த காசாகச் செல்லுபடியாக்க முடிந்தது. கடலுக்கு அப்பால் அந்த ஆணைக்கு மதிப்பில்லை. அங்கே தராசும் உரைகல்லுமே ஆணை.

முசிறிக்கு வந்த யவனக் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகைப் பெற்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. அங்குப் 'பொன்' என்னும் சொல்லைத் தங்கம் என்றே உரைகாரர் கொள்வர். தங்கக் காசும் வந்தது உண்மையே. ஆயினும் பொன் என்பது உலோகப் பொதுப்பெயராகவும் வழங்கியதையும், கொங்குப் புதையல்களில் வெள்ளி பெற்றுள்ள இடத்தையும் ஒருங்கு நோக்கின், அச்சொல்லுள் வெண்பொன்னும் அடங்கும் என்று கொள்ள இடமுண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை ஆகிய சேரரின் வெள்ளிக்காசுகள் இத்தொடர்பின் அடுத்த நிலையைக் காட்டுகின்றன. தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த இக்காசுகளில் அரசனின் தலை உரோமக் காசின் பாணியில் அமைந்துள்ளது. தமிழகத்தில் பண்டைக்காலத்தில் வெள்ளி எடுத்த சுரங்கம் எதுவும் அறியப்படவில்லை. ஆகவே சேரன் காசுக்குரிய வெள்ளி கடல் கடந்தோ, விந்தியம் கடந்தோ வந்திருக்க வேண்டும். வடிவத்தைக் கடன்பெற்ற காசு தன் உலோகத்தையும் தினாரியசிலிருந்தே பெற்றதா என்னும் கேள்விக்கு, முன்னர்க் கூறிய ஈய ஓரிடத்தான் முறையே உரிய கருவி. கல்வெட்டும் இலக்கியமும் மட்டும் அதற்கு விடைதர இயலாது.

பாதரசம் கொணர்ந்த மாற்றம்

சாம்பற்கிண்ணப் புடத்திற்கு இரண்டு குறைகள் உண்டு. எரிபொருள் மிகுதியாக வேண்டும். தாதுவும் வளமானதாக இருக்கவேண்டும். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் 1516இல் திறக்கப்பட்ட யோக்கிம்ஸ்தால் சுரங்கம் வரை இந்நிலையே நீடித்தது. அங்கு அடித்த 'தாலர்' என்னும் வெள்ளிக்காசின் பெயரே பின்னர் 'டாலர்' ஆயிற்று. அவ்வூரில் மருத்துவராகப் பணியாற்றிய அகிரிகோலா எழுதி, 1556இல் வெளிவந்த உலோகத்தொழில் நூல் புடமிடும் உலைகளைப் படங்களோடு விளக்குகிறது. ஜப்பானின் இவாமி சுரங்கத்தில் 1533இல் கொரியாவிலிருந்து இப்புடமுறை வந்துசேர்ந்த பின்னரே அந்நாடு பெருமளவில் வெள்ளி ஏற்றுமதி செய்தது. முறை வருமுன்னும் தாது அங்கேதான் இருந்தது என்பது கருதத்தக்கது.

மாற்றம் மெக்சிகோவில் நிகழ்ந்தது. 1554இல் பச்சூக்காவில் பார்த்தலோமே தெ மெதினா என்பவர் பாதரச முறையைப் பெருந்தொழிலாக்கினார். தாதுவை மாவாக அரைத்து, கல்பாவிய முற்றத்தில் பரப்பி, உப்பு, பாதரசம், மயில்துத்தம் கலந்த வறுத்த செம்புத்தாது ஆகியவற்றைச் சேர்த்து, நீர்விட்டுப் பல வாரங்கள் மிதித்துக் கலக்குவர். உப்பும் செம்பும் வெள்ளியைக் கந்தகத்திலிருந்து விடுவிக்க, பாதரசம் அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு கழுவி, பிழிந்து, சூடாக்கினால் பாதரசம் ஆவியாக வெளியேறி வெள்ளி எஞ்சும். விறகு அரிதான உயர்நிலங்களிலும், ஈயத்தோடு உருக்கிக் கட்டுப்படியாகாத வளங்குன்றிய தாதுவிலும் இதனால் வெள்ளி எடுக்க முடிந்தது.

இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் மேலே அமைந்த பொத்தோசியின் மலையில் 1545இல் வெள்ளி காணப்பட்டது. தொடக்கத்தில் கிடைத்த வளமான தாது சில பத்தாண்டுகளில் தீர்ந்தது. 1570களில் பாதரச முறை அங்கே புகுந்ததும் குவிந்துகிடந்த கழிவுத்தாதுவும் செல்வமாயிற்று. பெருவின் உவான்காவெலிகாவில் பாதரசச் சுரங்கம் கிடைத்தது இதற்குத் துணையாயிற்று. பாதரச விற்பனையை ஸ்பானிய அரசு தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டது. எவ்வளவு பாதரசம் விற்றது என்பதைக்கொண்டு எவ்வளவு வெள்ளி எடுக்கப்பட்டிருக்கும் என்று கணித்து, வரி ஏய்ப்பைக் கண்காணித்தது. எடுத்த வெள்ளியின் எடைக்குக் குறையாத பாதரசம் காற்றிலும் நீரிலும் கலந்து இழக்கப்பட்டது.

அப்போது அரசப் பிரதிநிதியாயிருந்த தொலேதோ, இன்கா அரசர் காலத்தில் 'மீதா' என்ற பெயரில் இருந்த முறைப்பணியைக் கட்டாயச் சுரங்கப்பணியாக மாற்றினார். பதினாறு மாநிலப் பகுதிகளின் ஊர்கள் தம் ஆடவருள் ஏழில் ஒரு பங்கினரை ஆண்டுதோறும் அனுப்பவேண்டும். ஏறத்தாழ 13,500 பேர் இவ்வாறு ஆண்டுதோறும் வந்தனர். பலர் மனைவி மக்களோடும் பொதிசுமக்கும் லாமாக்களோடும் பல வாரங்கள் நடந்து வந்தனர்; திரும்பாதவர் பலர். ஊரைவிட்டு வேற்றூரில் குடியேறியவர்க்கு இப்பணி இல்லை என்றிருந்ததால் ஊர்கள் வெறுமையாயின. 1812இல் சட்டப்படி ஒழிக்கப்படும்வரை மீதா நீடித்தது. பாதரச முறை எரிபொருளைச் சிக்கனப்படுத்தியது என்று வேதியியல் நூல்கள் கூறுவது சரியே. மனித உடல்களை அது சிக்கனப்படுத்தவில்லை.

இவ்வெள்ளி ஸ்பானியக் காசாகி, ஐரோப்பா வழியாகவும், 1571இல் ஸ்பானியர் தலைநகராக நிறுவிய மணிலா வழியாகவும் ஆசியாவிற்குள் பாய்ந்தது. சோழமண்டலக் கரையின் துணிக்கு ஈடாக ஐரோப்பியக் குழுமங்கள் தரக்கூடிய பண்டம் வேறு மிகுதியாக இல்லை. 1736இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைப் புதுச்சேரியின் ஆளுநர் துமா பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளி பிறைக்குறி பெற்று ஆர்க்காட்டு ரூபாயாக உருமாறி, நெசவூர்களுக்கு முன்பணமாகச் சென்றது.

ரூபாயின் ஏற்றமும் வீழ்ச்சியும்

தமிழகத்தின் பேரளவுக் கணக்குகள் நெடுங்காலம் பொன் வராகனில் நடைபெற்றன. 1818இல் சென்னை மாகாணத்தில் கும்பினி அரசு வெள்ளி ரூபாயைத் தர நாணயமாக்கியது. நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றுவீதம் வகுக்கப்பட்டது. 180 கிரெயின் எடையும் அதில் 165 கிரெயின் தூய வெள்ளியும் கொண்ட இந்த ரூபாயே 1835இல் கும்பினி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் பொதுவாயிற்று. நகைக்கடைகளில் முதியோர் இன்றும் கூறும் 'தோலா' அந்த ஒரு ரூபாயின் எடையே.

அடுத்து வந்த வீழ்ச்சிக்கும் காரணம் பிரித்தெடுப்பு முறைகளில் ஒருவகையில் உண்டு. 1833இல் பாட்டின்சன், உருகிய ஈயத்தை மெல்லக் குளிர்வித்து வெள்ளியைச் செறிவாக்கும் முறையைக் கண்டார். 1850இல் அலெக்சாந்தர் பார்க்ஸ் அதனினும் எளிய வழியைக் காப்புரிமை செய்தார். உருகிய ஈயத்தில் சிறிது துத்தநாகத்தைக் கலந்தால், வெள்ளி ஈயத்தைவிட்டுத் துத்தநாகத்தைச் சேரும். துத்தநாகம் ஈயத்தோடு கலக்காமல் மேலே ஏடாகப் படியும். அந்த ஏட்டை வழித்தெடுத்து, துத்தநாகத்தை ஆவியாக்கி, எஞ்சியதைப் புடமிட்டால் வெள்ளி கிடைக்கும். டன் கணக்கில் ஈயத்தை எரிக்கும் தேவை இதனால் ஒழிந்தது. சிறிதளவே வெள்ளி கொண்ட ஈயமும் பயன்தந்தது. 1859இல் அமெரிக்காவின் காம்ஸ்டாக் படுகையும் வெளிப்பட்டது. வழங்கல் இவ்வாறு பெருகிய வேளையில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்கத்தைத் தழுவின. 1870களின் தொடக்கத்தில் ஓர் அவுன்சு 60 பென்ஸ் விலைபோன வெள்ளி, 1893இல் 40 பென்சுக்கும் கீழிறங்கியது. ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் மதிப்புடைய ரூபாய் ஒரு ஷில்லிங் மூன்று பென்சுக்கு அருகில் வந்தது. இலண்டனுக்குத் தங்கத்தில் செலுத்தவேண்டிய கட்டணங்களுக்காக இந்திய அரசு முன்னினும் மிகுதியான ரூபாயைத் திரட்ட நேர்ந்தது.

1893 சூன் 26 அன்று நாணயச்சாலைகளின் கதவு பொதுமக்களின் வெள்ளிக்கு அடைக்கப்பட்டது. அதுவரை எவரும் வெள்ளியைக் கொண்டுசென்று, சிறு கட்டணம் கழித்து, ரூபாயாகப் பெறலாம். பஞ்சக் காலங்களில் மக்கள் தம் வெள்ளி நகைகளைக் குறைந்த இழப்பில் பணமாக்க உதவியது அந்த உரிமையே. சென்னை நாணயச்சாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டதால் தென்னாட்டு வெள்ளி பம்பாய்க்கோ கல்கத்தாவிற்கோ இடைத்தரகர் வழியாகச் சென்றது என்பது வேறு. புதிய ஆணைக்குப்பின் ரூபாயின் மதிப்பு வெள்ளியின் மதிப்பிலிருந்து பிரிந்தது. ரூபாய் மீண்டும் உயர்ந்து 1 ஷில்லிங் 4 பென்சில் நிலைபெற்றது. உழவர் வீட்டுக் காப்பும் தண்டையும் மலிந்துகொண்டே சென்றன. வங்கியறியாத மக்களின் சேமிப்பு ஓர் ஆணையால் சுருங்கியதைப் பொருளியல் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் நாணயமாற்றுப் பிரச்சினையின் அடிக்குறிப்பாகவே பேசுகின்றன. அதைத் தலைப்பாகவே பேசலாம் என்று தோன்றுகிறது. 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது.

இன்றைய நிலை

நாணயம் கைவிட்ட வெள்ளியை ஒளிப்படத்துறை ஏற்றுக்கொண்டது. ஒளிபட்டால் கறுக்கும் வெள்ளி உப்புகளே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் முகங்களைப் பதிவுசெய்தன. எண்ணிமப் படக்கருவி வந்ததும் அத்தேவை சரிந்தது. இப்போது மின்னிணைப்புகளும் சூரிய மின்கலங்களும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. மின்கலத்தின் முகப்பில் தெரியும் மெல்லிய கோடுகள் வெள்ளிக் குழம்பால் அச்சிடப்பட்டவை. கடத்துதிறனில் வெள்ளிக்கு நிகர் இல்லாமையே காரணம். தீப்புண்ணுக்கு இடும் களிம்பில் வெள்ளிச் சேர்மம் உண்டு. நுண்ணுயிர்களை அது அழிக்கும். சித்தமருத்துவத்தில் வெள்ளி பற்பம் வழங்குகிறது. இன்று தொழிற்பயன்பாடே உலகத் தேவையில் பாதிக்கு மேற்பட்டது.

உலகச் சுரங்க உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டன். மெக்சிகோ முதலிடத்திலும் சீனமும் பெருவும் அடுத்தும் நிற்கின்றன. ஆனால் வெள்ளிக்காகவே தோண்டும் சுரங்கங்களிலிருந்து வருவது இதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியது ஈய–துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றின் துணைவிளைபொருள். செம்பை மின்பகுப்பால் தூய்மையாக்கும் தொட்டிகளின் அடியில் படியும் சேற்றிலிருந்தும் வெள்ளி எடுக்கப்படுகிறது. இதன் விளைவு எளிதில் புலப்படுவதில்லை. வெள்ளி விலை இருமடங்கானாலும் வெள்ளி இருமடங்கு வெளிவராது. எவ்வளவு ஈயமும் செம்பும் விற்கும் என்பதைப் பார்த்தே சுரங்க உரிமையாளர் தோண்டுவர். வெள்ளி விலை பெரிதும் ஊசலாடுவதற்கு ஊகவணிகத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. ஈயத்துள்ளும் செம்புள்ளும் அது மறைந்திருக்கும் இயற்கையும் ஒரு காரணம்.

வெள்ளியை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் ஒன்றான இந்தியா தன் தேவைக்குப் பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளது. உள்நாட்டில் எடுக்கப்படும் வெள்ளி ஏறத்தாழ முழுவதும் இராசத்தானின் ஈய–துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. அங்குப் பிரியும் ஈயத்தோடு வரும் வெள்ளி உத்தராகண்டின் பந்த்நகரில் தூய்மை செய்யப்படுகிறது. அச்சுரங்கங்களுள் பெரியதான பில்வாரா மாவட்டத்து இராம்புரா அகுச்சா, பழங்காலத்தவர் வெள்ளிக்காக ஈயத்தாதுவை வெட்டிய அதே படுகையில் அமைந்துள்ளது. பழைய சுரங்கவழிகளுக்கும் கசடுக் குவியல்களுக்கும் கீழே, இன்னும் பல நூறு மீட்டர் ஆழத்தில், இன்றைய இயந்திரங்கள் அதே கலீனாவைத் தோண்டுகின்றன.